மதில் இருந்த இடத்தில் வீதி

மதுரை மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை நெருங்கி, பேரையூர் வட்டத்துக்குள் அமைந்துள்ள எழுமலை, பெயரில் மலையைச் சுமந்திருந்தாலும் பிழைப்புக்குச் சமவெளியையும் வானத்தையும் நம்பியிருக்கும் ஒரு பேரூராட்சியாகும். மேற்கே மல்லப்புரம் வழியாக மலையேறி மயிலாடும்பாறையில் இறங்கும் சாலை அதனைத் தேனி மாவட்டத்தோடும், வடகிழக்கே செல்லும் சாலை உசிலம்பட்டியோடும், தென்கிழக்கே செல்லும் சாலை பேரையூர், டி.கல்லுப்பட்டி வழியாகத் திருமங்கலத்தோடும் இணைக்கின்றன. மதுரைக்குப் போக வேண்டியவர் பின்னிரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். எதைத் தேர்ந்தாலும், நகருக்குள் கால் வைப்பதற்கு முன் அந்நகரைச் சுற்றி வளைத்துக் கிடக்கும் பெருஞ்சாலைகளை உசிலம்பட்டி வழியில் நாகமலை புதுக்கோட்டையிலோ, திருமங்கலம் வழியில் கப்பலூரிலோ அவர் கடந்தாக வேண்டும்.

நகருக்குள் வேலையில்லாத வண்டி நகருக்குள் நுழையாமலே மறுபக்கத்தை அடைவதற்காக ஊரைச் சுற்றிப் போடப்படுவதே சுற்றுச்சாலை. மதுரைக்காரர் வாயில் அது ‘ரிங் ரோடு’தான். அதனை மதிப்பிடுவோர் நீளத்தையும் அகலத்தையும் செலவான கோடிகளையும் கணக்கிடுவது வழக்கம். எழுமலை போன்ற ஊரிலிருந்து புறப்பட்டு அதனை நோக்கி வருபவருக்கோ, அதில் எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம், ஏறாமலும் இறங்காமலும் குறுக்கே மட்டும் எங்கே கடக்கலாம் என்பவைதாம் கேள்விகள். வட்டத்தைக் காட்டிலும் வட்டத்தில் விடப்பட்ட வாசல்களே பெரிது என்று சொல்லும் உரிமை, அந்த வாசல்களுக்காகக் காத்து நிற்பவர்களுக்கு உண்டு.

தமிழ்நாட்டில் ஒரு சாலை யாருடையது என்பது அதன் தரத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது. வீட்டு வாசலில் தொடங்கும் தெரு பேரூராட்சிக்குச் சொந்தம். ஊருக்கு வெளியே அது ஊராட்சி ஒன்றியத்தின் சாலையாகவோ, நெடுஞ்சாலைத் துறையின் மாவட்ட இதர சாலையாகவோ மாறுகிறது. அதற்கு மேல் மாவட்ட முக்கியச் சாலை, மாநில நெடுஞ்சாலை, தேசிய நெடுஞ்சாலை என்று படிகள் உயர்ந்துகொண்டே போகின்றன. ஒவ்வொரு படிக்கும் ஒரு அலுவலகம், ஒரு நிதித் தலைப்பு, ஒரு ஒப்பந்தக்காரர். இரண்டு சாலைகள் கூடும் இடத்திலுள்ள பத்துப் பதினைந்து அடி நிலம் எந்த ஒப்பந்தத்திலும் முழுமையாக அடங்குவதில்லை. ஒருவர் போட்ட தார் அங்கே முடிந்து, மற்றவர் போட்ட சிமெண்டுத் தளம் சற்று உயரத்திலோ பள்ளத்திலோ தொடங்க, நடுவில் செம்மண்ணும் ஜல்லியும் கலந்த ஒரு சிறு பட்டை எஞ்சி நிற்கும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குவதும், பால் கேனைக் கட்டிவரும் இருசக்கர வண்டி சறுக்குவதும், பேருந்து முதல் கியருக்கு இறங்குவதும் அந்தப் பட்டையில்தான். பொறியியலில் அதற்குத் தனிப் பெயர் இருக்கக்கூடும். ஊரில் அது ‘மேடு பள்ளம்’ என்ற பொதுப் பெயரோடு தீர்ந்துவிடுகிறது.

இணைப்பு என்ற சொல்லுக்கு எழுமலை வட்டாரத்தில் இன்னும் கனமான ஒரு பொருளும் உண்டு. எழுமலையை அடுத்துள்ள உத்தப்புரம் என்னும் சிற்றூரில், 1989இல் நிகழ்ந்த சாதி மோதலுக்குப் பின், பட்டியலின மக்களின் குடியிருப்பையும் மற்றச் சாதியினரின் தெருக்களையும் பிரித்து ஒரு நெடுஞ்சுவர் எழுப்பப்பட்டது. பொதுப்பாதையை எட்டச் சுற்றிப் போக வேண்டியிருந்த மக்களின் கோரிக்கை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, 2008இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் இடதுசாரி இயக்கத்தினரும் அதனைக் கையில் எடுத்த பின்னரே நாடறியும் செய்தியாயிற்று. அவ்வாண்டு மே 6ஆம் நாள் மாவட்ட நிர்வாகம் காவல் துறையின் பாதுகாப்போடு வந்து, சுவரின் ஒரு பகுதியை, ஏறத்தாழ 15 அடி அகலத்துக்கு, இடித்துப் பாதை விட்டது. அதனை எதிர்த்து ஊரின் ஒரு பகுதியினர் வீடுகளைப் பூட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போய்த் தங்கியதும், அமைதி திரும்ப மூன்றாண்டுகளுக்கு மேல் பிடித்ததும், 2011 நவம்பரில் முத்தாலம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் சென்று வழிபட்டதும் அதன் தொடர்ச்சிகள். பதினைந்து அடி என்பது ஒரு பேருந்தும் ஒரு மாட்டு வண்டியும் ஒன்றையொன்று உரசாமல் ஒதுங்கிப் போகக்கூட முட்டுப்படும் அகலம். ஆயினும் இம்மாவட்டத்தில் அண்மைக் காலத்தில் திறக்கப்பட்ட எந்தச் சாலையும் அடிக்கணக்கில் இவ்வளவு விலை கொடுத்துப் பெறப்படவில்லை.

எழுமலையிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் உசிலம்பட்டி வரை நிலம் பெரும்பாலும் மானாவாரி, அதாவது பாசனமின்றி மழையை மட்டும் எதிர்பார்த்து விதைக்கப்படும் புஞ்சை. பருத்தியும் சோளமும் மாறி மாறி வர, இடையிடையே கிணற்றுப் பாசனத்தில் பூந்தோட்டங்கள் தென்படுகின்றன. வைகை அணையிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய் இவ்வட்டாரத்தின் நெடுநாள் கனவு. பூ, பால், காய்கறி ஆகிய மூன்றும் விடியுமுன் சந்தையை எட்ட வேண்டியவை என்பதால், இங்கே சாலையின் நிலை விலையோடு நேராகப் பேசுகிறது. மல்லிகை மொட்டு மலர்வதற்கு முன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையைச் சேர்ந்தால் ஒரு விலை, சேராவிட்டால் வேறு விலை.

உசிலம்பட்டியில் பயணி சந்திப்பது தேசிய நெடுஞ்சாலை 85. கொச்சியில் தொடங்கி மூணாறு, போடி, தேனி வழியாக இறங்கி, மதுரையைக் கடந்து, சிவகங்கை வழியாகத் தொண்டிக் கடற்கரையில் முடியும் இச்சாலையின் மதுரைப் பகுதியைப் பழைய எண்ணால் 49 என்று சொல்லும் ஓட்டுநர்கள் இன்னும் உண்டு. எண்களைச் சொல்லாமல் ‘தேனி ரோடு’ என்பவர்களே அதிகம். செல்லம்பட்டி, கருமாத்தூர், செக்கானூரணி என்று ஊர்கள் நெருங்க நெருங்க, சாலையின் இருபுறமும் கடைகள் வரிசை பிடிக்கின்றன. செக்கானூரணியைத் தாண்டினால் 1966இல் தொடங்கப்பட்ட காமராசர் பல்கலைக்கழகத்தின் வளாகமும், அதன் பின் நாகம் படுத்துக் கிடப்பது போல நீண்ட நாகமலையும் வருகின்றன.

நாகமலை புதுக்கோட்டை அருகே தேனி சாலையின் குறுக்கே ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 போகிறது. முன்னாளில் ஏழாம் எண் தாங்கிய இந்நெடுஞ்சாலை, நான்கு வழியாக்கப்பட்டபோது, சமயநல்லூரிலிருந்து நகரின் மேற்கே ஒதுங்கி, துவரிமான் வழியாகத் திருமங்கலத்தை நோக்கித் திருப்பிவிடப்பட்டது. மதுரையைச் சுற்றியுள்ள வட்டத்தின் மேற்கு அரை இதுவே. நான்கு வழிச்சாலை என்பது போகும் வண்டிக்கு இரண்டும் வரும் வண்டிக்கு இரண்டுமாகத் தடங்கள் பிரிக்கப்பட்டு, நடுவே மேடை போன்ற தடுப்பு எழுப்பப்பட்ட சாலை. அத்தடுப்பு நேருக்கு நேர் மோதலைத் தவிர்க்கிறது. அதே தடுப்பு, எதிர்ப்புறத்தில் வயல் வைத்திருப்பவரை நெடுந்தூரம் சுற்றவும் வைக்கிறது. நினைத்த இடத்திலெல்லாம் நெடுஞ்சாலையில் ஏற எவருக்கும் உரிமையில்லை என்பதை 2002ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் உறுதியாகச் சொல்கிறது. புதிய வாசல் வைக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். விரைந்து வரும் வண்டியின் முன் திடீரென ஒரு டிராக்டர் திரும்பினால் நேரக்கூடியதை எண்ணினால் சட்டத்தின் நோக்கத்தில் குறை காண முடியாது. ஆனால் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கப் பெட்ரோல் பங்க்குக்கும் கல்லூரிக்கும் ஆளிருப்பது போல வண்டித்தடத்துக்கு ஆளிருப்பதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யவே, பெருஞ்சாலையை ஒட்டி உள்ளூர் வண்டிகள் ஓடும் அணுகு சாலையும், பெருஞ்சாலைக்கு அடியில் நுழைந்து மறுபுறம் வெளிவரும் சுரங்கப்பாதையும் அமைக்கப்படுகின்றன. இவை இருந்த இடத்தில் ஊர் பிழைத்தது. இல்லாத இடத்தில் நடுத்தடுப்பை யாரோ இரவில் உடைத்து ஆள் நுழையும் அளவுக்கு வழி செய்துகொண்டார்கள் என்பதைத் தமிழ்நாட்டின் எந்த நான்கு வழிச்சாலையிலும் காணலாம்.

வட்டத்தைக் கடந்து நகருக்குள் நுழையும் தேனி சாலை காளவாசலில் ‘பைபாஸ் ரோடு’ எனப்படும் சாலையைச் சந்திக்கிறது. பைபாஸ் என்றால் ஊரைத் தொடாமல் ஒதுங்கிச் செல்லும் புறவழி. பழங்காநத்தத்திலிருந்து காளவாசல் வழியாக வடக்கே செல்லும் இச்சாலையும் ஒரு காலத்தில் அப்படியே போடப்பட்டது. திண்டுக்கல்லிலிருந்து திருநெல்வேலி செல்லும் லாரிகள் மாசி வீதிகளின் நெரிசலில் சிக்காமல் போக வேண்டும் என்பது நோக்கம். இன்று அதன் இருபுறமும் துணிக்கடைகள், மருத்துவமனைகள், உணவகங்கள், அடுக்குமாடிகள். அதன் நெரிசலைத் தணிக்கக் காளவாசலில் 2020இல் ஒரு மேம்பாலம் திறக்க வேண்டியதாயிற்று. ஊரை விலக்கிச் சென்ற சாலையை ஊர் துரத்திப் பிடித்துவிட்டது. பெயர் மட்டும் புறவழியாகவே நின்றுவிட்டதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘பைபாஸில் ஒரே கூட்டம்’ என்று மதுரையில் ஒருவர் சொன்னால் எதிரில் நிற்பவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தோன்றுவதில்லை.

ஊர் வட்டத்தை விழுங்குவது மதுரைக்குப் புதிதன்று. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று திங்களின் பெயர் தாங்கிய சதுர வீதிகள் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்திருக்க, எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள் நாற்புறமும் ஓடுகின்றன. முதல் நான்கும் இறைவனின் உலாவுக்காக அமைந்தவை. ஐந்தாவதோ மதில் இடிந்து உருவானது. விசுவநாத நாயக்கர் காலத்தில் 72 கொத்தளங்களோடு, அதாவது காவலுக்கான புடைப்புகளோடு, எழுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் கோட்டையும் அதைச் சூழ்ந்த அகழியும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் கழுத்தை நெரித்தன. மதிலுக்கு வெளியே நகர் வளர முடியவில்லை; உள்ளே காற்றும் இல்லை. கலெக்டராக இருந்த ஜான் பிளாக்பர்ன் 1837 அளவில் மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையைத் தொடங்கினார். தம்மிடம் பணமில்லாத நிலையில் அவர் கையாண்ட முறை சுவையானது: மதிலின் ஒரு பகுதியை இடித்து, அந்த மண்ணையும் கல்லையும் கொண்டே அகழியை நிரப்புபவருக்கு, நிரப்பிக் கிடைத்த நிலத்தில் இடம் கொடுக்கப்பட்டது. இடிப்பவரே குடியேறினார், செலவும் மிச்சம், மனையும் மிச்சம். அந்தப் பணியில் ஈடுபட்ட அளவையாளர்களின் நினைவு மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்ற பெயர்களில் தங்கியிருக்கிறது; கலெக்டரின் நினைவுக்கு விளக்குத்தூண் எழுப்பப்பட்டு, இன்று அது ஒரு பேருந்து நிறுத்தத்தின் பெயராகவும் வழங்குகிறது. மதில் முழுவதும் போய்விடவில்லை. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே மேற்கு வாசல் கொத்தளத்தின் எச்சம் இன்னும் நிற்க, அதனைச் சுற்றி நகரப் பேருந்துகள் திரும்புகின்றன.

ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பு வியன்னாவின் கோட்டைச் சுவரை இடித்து அதனிடத்தில் புகழ்பெற்ற வட்டப் பெருவீதியை அமைக்க ஆணையிட்டது 1857இல்தான். கட்டடக் கலை நூல்கள் சுற்றுச்சாலையின் வரலாற்றை வியன்னாவிலிருந்து தொடங்குவது வழக்கமென்றாலும், அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே மதுரையில் மதில் வீதியாகத் தொடங்கியிருந்தது. ஆடம்பரம் குறைவு, அவ்வளவே. பிரெஞ்சு மொழியில் அகன்ற மரநிழல் வீதியைக் குறிக்கும் ‘புல்வார்’ என்ற சொல்லும் கொத்தளம் என்ற பொருளில் பிறந்ததே. காவல் கட்டிய வளையங்கள் போக்குவரத்து வளையங்களாவது உலகப் பொது வழக்கம் போலும்.

வெளி வீதிகளின் உட்புறம் இருக்கும் சந்துகளில் சாலைச் சீரமைப்பின் மற்றொரு முகம் தெரிகிறது. பழைய தாரின் மீதே புதிய தாரைப் போட்டுக்கொண்டே போனதால், பல தெருக்களில் சாலை வீட்டு நிலைப்படியை விட உயர்ந்து, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற திண்ணைக்கு இப்போது ஒரு படி இறங்க வேண்டியிருக்கிறது. மழைநீர் தெருவில் நில்லாமல் வீட்டுக்குள் போகிறது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு 2021இல் அறிவுறுத்தியது இதனால்தான். அந்த அறிவுரை வருவதற்குள் உயர்ந்துவிட்ட தெருக்களை யாராலும் இறக்க இயலாது. வீட்டுக்காரர்கள்தாம் வாசலில் சிமெண்டுத் திட்டு கட்டித் தண்ணீரை மறிக்கிறார்கள்.

வட்டத்தின் கிழக்கு அரையைக் காண விரும்பும் பயணி நகரைக் குறுக்கே கடந்து வடகிழக்கிலுள்ள உத்தங்குடிக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து பாண்டி கோயில், விரகனூர், சிந்தாமணி, மண்டேலா நகர் வழியாகக் கப்பலூர் வரை ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளும் உள்வட்டச் சாலை, இந்திய நகராட்சிகளின் வரலாற்றில் ஒரு தனிக் குறிப்புக்கு உரியது. நடுவணரசோ மாநில அரசோ போட்டுத் தராமல், மதுரை மாநகராட்சியே தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தில் கடன் வாங்கி அமைத்துச் சுங்கம் வசூலித்த சாலை இது. பின்னர் 2001இல், சாலைக்கான கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக்கொள்ள, மாநகராட்சி 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரங்களை வெளியிட்டது. கடன் பத்திரம் என்பது குறித்த வட்டியும் குறித்த தவணையும் எழுத்தில் தந்து, முதலீட்டாளரிடம் நேராகப் பெறும் கடன். பெங்களூர் மாநகராட்சி 1997இலும் அகமதாபாத் 1998இலும் அவ்வழியில் இறங்கியிருந்தன. குப்பை வரிக்கும் குடிநீர் வரிக்கும் மல்லுக்கட்டும் ஒரு மாநகராட்சி சந்தையில் தன் பெயரை நம்பிக் கடன் கேட்டதும், அதற்கு ஈடாக ஒரு வட்டச் சாலையின் வருவாயைக் காட்டியதும் அன்றைக்குத் துணிவான செயல்கள்.

சாலை போடப்பட்டபோது அது மாநகராட்சி எல்லைக்கு வெளியே, பெரும்பாலும் வயலுக்கும் கண்மாய்க்கும் இடையே கிடந்தது. 2011இல் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் உள்ளிட்ட உள்ளாட்சிகள் சேர்க்கப்பட்டு வார்டுகள் 72இலிருந்து 100 ஆனபோது, எல்லைக்கோடு அச்சாலையைப் பல இடங்களில் எட்டிப் பிடித்தது. பாண்டி கோயிலில் கிடா வெட்டிப் பந்தி வைக்க வரும் குடும்பங்களின் வேன்களும், விரகனூரில் இராமேசுவரம் செல்லும் பேருந்துகளும், மண்டேலா நகரில் விமான நிலையம் செல்லும் கார்களும் ஒரே சாலையில் கூடவே, அது நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டது. விமான ஓடுதளத்தை நீட்டிக்கும் திட்டம் வந்தபோதோ சாலையே தடையாகக் குறுக்கே கிடந்தது; ஓடுதளத்துக்கு அடியில் சாலையை நுழைப்பதா, சாலையைச் சுற்றி அனுப்புவதா என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கப்பலூர் முனையில் வாசலின் விலை குறித்த வழக்கு வேறு விதமானது. தேசிய நெடுஞ்சாலையின் இரு சுங்கச்சாவடிகளுக்கு இடையே பொதுவாக 60 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்று 2008ஆம் ஆண்டுக் கட்டண விதி கூறுவதைச் சுட்டி, திருமங்கலம் வட்டார மக்கள் கப்பலூர்ச் சாவடியை அகற்றக் கோரி ஆண்டுக்கணக்கில் மறியலும் கடையடைப்பும் நடத்தினர். பக்கத்து ஊருக்கு உறவினர் வீட்டு விசேடத்துக்குப் போய்வர ஏன் கப்பம் கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, நீண்ட பயணத்தை நினைத்து எழுதப்பட்ட விதியில் நேரான பதில் இல்லை.

வடக்கே திறந்து கிடந்த வாயை மூடுவதற்காக, தேசிய நெடுஞ்சாலை ஆணையம் வாடிப்பட்டிக்கும் தாமரைப்பட்டிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்குப் புதிய நான்கு வழிச்சாலையை அமைத்தது. திண்டுக்கல் பக்கமிருந்து வரும் வண்டி மதுரையைத் தொடாமல் மேலூர், திருச்சி சாலையில் சேர இது உதவுகிறது. இதன் வழியில் அலங்காநல்லூர் வட்டாரத்தின் நெல் வயல்களும், அவற்றுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு பிரதானக் கால்வாயும், 2024 சனவரியில் திறக்கப்பட்ட கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கமும் அமைந்திருக்கின்றன. பழைய சாலையை அகலப்படுத்தாமல் வயல்வெளியில் புதிதாக வரைந்து போடப்பட்டதால், இது இயல்பிலேயே மதிலைப் போன்றது. உயர்ந்த மண்கரையின் மீது சாலை ஓட, கீழே இருக்கும் ஊர்த்தெருக்கள் சுரங்கப்பாதைகளின் வழியாகவே மறுபுறம் செல்கின்றன. நெல் அறுவடை இயந்திரம் நுழையுமளவுக்கு உயரமான பாதைக்கும், ஆடு மாடும் இருசக்கர வண்டியும் மட்டும் நுழையும் பாதைக்கும் உள்ள வேறுபாடு வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர். வயலில் அது அறுப்புக்கூலியில் ஏறும் கூடுதல் மணிநேர வாடகை. கால்வாய்க் கரையில் காலங்காலமாக வண்டியோட்டியவர்களைக் கேட்டுச் சுரங்கப்பாதையின் உயரம் குறிக்கப்பட்டிருந்தால், வழக்கமாகப் பின்னாளில் எழும் மனுக்களில் பாதி எழாமலே போயிருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது.

வாடிப்பட்டியிலிருந்து எழுமலைக்குத் திரும்ப, மதுரைக்குள் போக வேண்டியதில்லை. சோழவந்தானில் வைகையைக் கடந்து, தென்னந்தோப்புகளுக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் இடையே விக்கிரமங்கலம் வழியாக உசிலம்பட்டி செல்லும் சாலை இருக்கிறது. நான்கு வழிச்சாலையின் அளவுகளுக்குப் பழகிய கண்ணுக்கு அது ஒற்றைத் தடம் போலத் தோன்றும். எதிரே கரும்பு லாரி வந்தால், இரண்டில் ஒரு வண்டி இடப்பக்கச் சக்கரங்களைத் தாரை விட்டு மண்ணில் இறக்கியாக வேண்டும். மழை அரித்த ஓரத்தில் தாருக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் இறக்கம். உசிலம்பட்டியில் வண்டி மாறி எழுமலைச் சாலையில் திரும்பினாலும் அதே ஓரம், அதே இறக்கம். யார் இறங்குவது என்பதை முகப்பு விளக்கை இருமுறை மினுக்கி முதலில் கேட்டவரே முடிவு செய்கிறார். மற்றவர் ஸ்டீயரிங்கைச் சற்று ஒடித்து, கருவேலங்கிளை கண்ணாடியை உரசும்படி ஒதுங்கி நின்று, லாரி போன பிறகு மறுபடி தாரில் ஏறுகிறார்.